பிக்கப் வண்டி: புறநகர் வீட்டுக்காரருக்கு உண்மையிலேயே தேவையா?

அமெரிக்கப் புறநகர் ஒன்றின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், முன்னால் வெட்டிவிட்ட புல்தரை, கராஜுக்குப் போகும் சிமெண்ட் பாதை. அந்தப் பாதையில் ஒரு பிரம்மாண்டமான பிக்கப் வண்டி நிற்கும். முன்னால் ஐந்து பேர் உட்காரும் கேபின், பின்னால் சரக்கு போடுவதற்கு ஒரு திறந்த தொட்டி. தொட்டியில் ஒன்றும் இருக்காது. வீட்டுக்காரர் கணக்கராக இருக்கலாம், பல் மருத்துவராக இருக்கலாம். வீட்டில் மாடும் இல்லை, வைக்கோலும் இல்லை. அப்புறம் எதற்கு இந்த வண்டி?

இந்தக் கேள்வியை அமெரிக்கர்களே தங்களுக்குள் ஓயாமல் கேட்டுக்கொள்கிறார்கள். வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். ஒன்று, "அவன் காசு, அவன் வண்டி, உனக்கென்ன?". இன்னொன்று, "வெறும் வீம்பு, வேறொன்றும் இல்லை". இரண்டு பதிலிலும் ஒரு விஷயம் விட்டுப் போகிறது. இந்த வண்டி தானாக வந்து அந்த வீட்டு வாசலில் நிற்கவில்லை. அது அங்கே வந்து சேர நூறு வருடம் ஆகியிருக்கிறது. நடுவில் கோழி வருகிறது, பெட்ரோல் பஞ்சம் வருகிறது, வரிச் சட்டங்கள் வருகின்றன. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் "தேவையா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம் என்று நினைக்கிறேன்.

வெட்டி ஒட்டிய வண்டி

பிக்கப்பைக் கண்டுபிடித்தவர் என்று ஒருவரைச் சொல்ல முடியாது. ஃபோர்டு கம்பெனியின் மாடல் டி கார் கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தபோது, விவசாயிகளே அதன் பின்பக்கத்தைக் கழற்றிவிட்டு மரப்பெட்டி ஒன்றைப் பொருத்திக்கொண்டார்கள். பால் கேன், கோதுமை மூட்டை, கன்றுக்குட்டி எல்லாம் அதில் சந்தைக்குப் போயின. மாற்றிப் பொருத்துவதற்கான பெட்டிகளைத் தனியாகச் செய்து விற்ற கடைகளும் இருந்தன.

இதைக் கவனித்த ஃபோர்டு, 1917-ல் ஒரு டன் பாரம் தாங்கும் டி.டி. என்ற அடிச்சட்டத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1925 ஏப்ரலில் தொழிற்சாலையிலேயே பின்தொட்டி பொருத்திய மாடல் டி வந்தது. விலை 281 டாலர். இன்றைய மதிப்பில் சுமார் 5,000 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் வருடமே முப்பதாயிரத்துக்கு மேல் விற்றது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முதலில் இருந்தது, வண்டி பிறகு வந்தது. அன்றைய விவசாயியிடம் போய் "உனக்கு இது தேவையா?" என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தேவைப்பட்டதால்தானே அவர் ஏற்கெனவே ரம்பத்தை எடுத்துக் காரை வெட்டியிருந்தார்!

பிக்கப் இல்லாத புறநகர்

இரண்டாம் உலகப் போர் முடிந்து லட்சக்கணக்கான ராணுவ வீரர்கள் ஊர் திரும்பினார்கள். அரசு அவர்களுக்கு வீட்டுக்கடன் வசதி செய்து கொடுத்தது. நியூயார்க் நகருக்குக் கிழக்கே லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த நிலத்தில், 1947 முதல் 1951 வரை 17,447 வீடுகள் எழும்பின. அதுதான் லெவிட்டவுன். வெள்ளையருக்கு மட்டும் என்ற அநியாயமான நிபந்தனையோடு தொடங்கிய ஊர் அது. போருக்குப் பிந்தைய அமெரிக்கப் புறநகருக்கு முன்மாதிரி எது என்றால் எல்லோரும் அதைத்தான் காட்டுவார்கள்.

லெவிட்டவுனின் முதல் வீடுகளில் இரண்டே படுக்கையறைகள். கராஜ் கிடையாது. மாடி முடிக்கப்படாமல் வெறும் கூரைக்கடியில் விடப்பட்டிருந்தது. குடும்பம் பெருகும்போது வீட்டுக்காரரே பலகை அடித்து அறைகளாக்கிக் கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அப்படியே செய்தார்கள். மாடியை முடித்தார்கள், பக்கத்தில் அறை இழுத்தார்கள், கராஜ் கட்டினார்கள். இன்று அங்கே போய்ப் பார்த்தால் பழைய வடிவத்திலேயே இருக்கும் வீட்டைத் தேடத்தான் வேண்டும். "நீயே செய்" என்ற இந்த மோகம் நாடு முழுக்கப் பரவி, 1954 ஆகஸ்டில் டைம் வார இதழ் அதை அட்டைப்பட விஷயமாக்கியது.

அதாவது, புறநகர் வீட்டுக்காரர்கள் மிக அதிகமாக மரமும் பலகையும் சுமந்த காலங்களில் அது ஒன்று. ஆனால் அன்றைய புறநகர்க் குடும்பத்தின் அடையாள வண்டி பிக்கப் இல்லை, ஸ்டேஷன் வேகன். மரக்கடைக்காரர் தன் லாரியில் சரக்கைக் கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிட்டுப் போவது சாதாரணம். பாலும் ரொட்டியும் கூட வீட்டு வாசலுக்கு வந்த காலம். தவிர, 1945-ல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு தம்பதி யூ-ஹால் என்ற பெயரில் இழுவை டிரெய்லர்களை வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தார்கள். காரின் பின்னால் மாட்டிக்கொண்டு போய், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

வேகனையும் லேசாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ப்ளைவுட், ஜிப்சம் போர்டு எல்லாம் 4 அடிக்கு 8 அடி என்ற அளவில் வரும். வீட்டு வேலை செய்பவர்கள் ஒரு வண்டியை இந்தப் பலகையை வைத்துத்தான் சோதிப்பார்கள். 1970-களின் பெரிய வேகன்கள் சிலவற்றில் பின் இருக்கையை மடக்கினால் அந்தப் பலகை தட்டையாக உள்ளே போகும், கதவையும் சாத்தலாம், மழையிலும் நனையாது. குழந்தைகளையும் ஏற்றும், பலகையையும் ஏற்றும் வண்டி. பிறகு ஏன் அது காணாமல் போனது?

கோழிச் சண்டை

இனி வருவது கொஞ்சம் சிரிப்பான கதை. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைக் கோழி மலிவாக மேற்கு ஜெர்மனியில் வந்து குவிந்தது. அங்குள்ள விவசாயிகள் கூச்சல் போட, ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் 1962-ல் கோழி மீதான வரியை உயர்த்தின. பதிலடியாக 1963 டிசம்பரில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் நான்கு பொருள்களுக்கு இறக்குமதி வரியை ஏற்றினார். உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகு ரக லாரி. லாரிக்கு 25 சதவீதம். அப்போது ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வேன்களும் பிக்கப்புகளும் அமெரிக்காவில் விற்றுக்கொண்டிருந்தன. குறி அவற்றின் மீதுதான்.

மற்ற மூன்று பொருள்களின் வரி பின்னால் நீங்கிவிட்டது. லாரி வரி மட்டும் அறுபது வருடம் தாண்டியும் நீடித்தது. "கோழி வரி" என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. இடையில் ஒரு சந்து இருந்தது. பின்தொட்டி பொருத்தாமல் வெறும் கேபினும் அடிச்சட்டமுமாகக் கொண்டுவந்தால் 4 சதவீதம்தான் வரி. 1970-களில் இசுசுவும் மாஸ்டாவும் செய்த சிறிய பிக்கப்புகள் இப்படித்தான் வந்து, செவர்லே, ஃபோர்டு பெயர்களில் விற்றன. 1980-ல் அந்தச் சந்தையும் அடைத்துவிட்டார்கள். 1983-ல் நிஸான் டென்னஸியில் தொழிற்சாலை போட்டு முதலில் தயாரித்தது எதை என்று நினைக்கிறீர்கள்? பிக்கப்பைத்தான்.

இதனால் நடந்தது என்ன? காரில் ஜப்பான்காரன், ஜெர்மன்காரன் எல்லோரோடும் போட்டி போட வேண்டிய டெட்ராய்ட் கம்பெனிகளுக்கு, பெரிய பிக்கப் மட்டும் மதில் கட்டிய தோட்டமாகிவிட்டது. எந்தத் தோட்டத்தில் லாபமோ அதற்குத்தான் தண்ணீர் பாய்ச்சுவார்கள்.

காரா, லாரியா?

1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் பங்குகளில் நீண்ட வரிசை. 1975-ல் அமெரிக்கக் காங்கிரஸ் எரிபொருள் சிக்கனச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன்படி 1978 முதல் ஒவ்வொரு கம்பெனியின் கார்களும் சராசரியாகக் காலனுக்கு 18 மைல் ஓட வேண்டும், 1985-ல் 27.5 மைல் (லிட்டருக்குச் சுமார் 11.7 கிலோமீட்டர்) ஓட வேண்டும்.

ஆனால் லாரிக்குத் தனி அளவுகோல். விவசாயியும் தச்சரும் பாவம், அவர்கள் தொழில் வண்டியைக் கார் மாதிரி ஓடச் சொன்னால் எப்படி என்ற நியாயமான காரணம்தான். 1996 முதல் 2004 வரை இலகு ரக லாரிக்கு வேண்டியிருந்தது 20.7 மைல் மட்டுமே. மொத்த எடைத் தகுதி 8,500 பவுண்டுக்கு மேல் போனால் அன்றைக்கு அந்தக் கணக்கும் கிடையாது. 1978-ல் பெட்ரோல் குடிக்கும் கார்களுக்குத் தனி வரி போட்டார்கள், லாரிக்கு விலக்கு. 1991 முதல் விலை உயர்ந்த கார்களுக்கு ஆடம்பர வரி வந்தது, 6,000 பவுண்டு எடைத் தகுதியைத் தாண்டிய லாரிக்கு விலக்கு. தொழிலுக்கு வாங்கும் கனரக வண்டியின் விலையை வருமானத்தில் கழித்துக்கொள்ளும் வரம்பை 2003-ல் ஒரு லட்சம் டாலராக உயர்த்தினார்கள். பல் மருத்துவர்கள் எல்லாம் பெரிய வண்டி வாங்குகிறார்கள் என்று சத்தம் எழுந்ததும் 2004-ல் எஸ்.யூ.வி.க்கு 25,000 டாலர் என்று குறைத்தார்கள். ஆறடித் தொட்டி உள்ள பிக்கப்பைத் தொடவில்லை.

கம்பெனிகள் இந்த விளையாட்டைச் சீக்கிரமே கற்றுக்கொண்டன. ஃபோர்டின் புகழ்பெற்ற எஃப்-150 பிறந்த கதையே அதற்குச் சாட்சி. அன்றைய மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 6,000 பவுண்டு எடைத் தகுதிக்குக் கீழே இருந்த வண்டிகளைத்தான் இறுக்கின. 1975 மாடலாக வந்த எஃப்-150 அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. வினைமாற்றிக் கருவியும் வேண்டாம், ஈயம் கலந்த பழைய பெட்ரோலே போதும். 1980-களின் தொடக்கத்திலிருந்து ஃபோர்டின் எஃப் வரிசைதான் அந்த நாட்டிலேயே அதிகம் விற்கும் வண்டி என்ற நிலை ஏறத்தாழத் தொடர்ந்து வந்திருக்கிறது.

இப்போது வேகன் ஏன் காணாமல் போனது என்பது புரியும். சட்டத்தின் கண்ணில் வேகன் ஒரு கார். கனமான வேகன் ஒன்றை விற்றால் கம்பெனியின் கார் சராசரி கெட்டுவிடும். அதே குடும்பத்துக்கு "லாரி" என்று பதிவான ஒன்றை விற்றால் தொல்லை குறைவு. 1984-ல் வந்த கிரைஸ்லர் மினிவேன், பிறகு வந்த எஸ்.யூ.வி.க்கள் எல்லாம் லாரிக் கணக்கில்தான் சேர்ந்தன. 1975-ல் விற்ற புது வண்டிகளில் ஐந்தில் நான்கு செடானும் வேகனும். இன்று அவை கால்வாசி அளவுக்குச் சுருங்கிவிட்டன.

விவசாயி போனார், வண்டி போகவில்லை

இதில் நான் எதிர்பார்க்காத ஒரு புள்ளிவிவரம் இருக்கிறது. பிக்கப்பின் பங்கு இந்த ஐம்பது வருடத்தில் பெரிதாக ஏறவில்லை! 1975-லும் விற்ற வண்டிகளில் ஏறக்குறைய ஏழில் ஒன்று பிக்கப், இப்போதும் அதே அளவுதான்.

ஆனால் வாங்குபவர்? 1920-ல் அமெரிக்கர்களில் பத்தில் மூன்று பேர் பண்ணைகளில் வாழ்ந்தார்கள். 1970-ல் இருபதில் ஒருவர். 1990-ல் ஐம்பதில் ஒருவர். 2000-ஆம் வருட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் பாதிப் பேர் புறநகர்வாசிகள். பண்ணைக்காரர்கள் கரைந்து போன அதே காலத்தில் பிக்கப்பின் பங்கு கரையவில்லை என்றால், வேறு யாரோ அந்த இடத்தை நிரப்பினார்கள் என்றுதானே அர்த்தம்? ஒரு பகுதி கட்டட வேலைக்காரர்கள், தொழிலாளர்கள். மீதி நம் புறநகர் வீட்டுக்காரர்.

அவருக்காக வண்டியும் மாறியது. 1955-லேயே செவர்லே கேமியோ என்ற அலங்காரப் பிக்கப்பை விட்டுப் பார்த்தது, அவ்வளவாகப் போகவில்லை. 2001 மாடலில் எஃப்-150 நான்கு முழுக் கதவுகளோடு வந்தது, டெக்ஸாஸ் பண்ணை ஒன்றின் பெயரில் தோல் இருக்கைகளோடு கிங் ரேஞ்ச் பதிப்பும் வந்தது. 2002-ல் லிங்கன் பிளாக்வுட் என்று ஒன்று. அதன் பின்தொட்டிக்கு உள்ளே கம்பளம் விரித்திருந்தார்கள்! மண் கொட்ட முடியாத பிக்கப். பாவம், அமெரிக்காவில் ஒரே மாடல் வருடத்தோடு அது முடிந்தது.

பிளாக்வுட் தோற்றாலும் அது காட்டிய திசை தோற்கவில்லை. 1960-களின் தொடக்கத்தில் ஃபோர்டு பிக்கப்பின் நீளத்தில் 36 சதவீதம் கேபின், 64 சதவீதம் தொட்டி. 2021-ல் ஒரு வழக்கமான எஃப்-150-ல் கேபின் 63, தொட்டி 37 என்று அப்படியே தலைகீழ். எட்டடித் தொட்டி ஐந்தரை அடியாகிவிட்டது. அதே ப்ளைவுட் பலகையை இப்போது பின்கதவைத் திறந்துவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். பழைய வேகன் கதவைச் சாத்திக்கொண்டு செய்த வேலை அது!

வாசலில் நிறுத்தக்கூடாத வண்டி

இன்னொரு பக்கமும் உண்டு. புறநகர் எப்போதும் பிக்கப்பை வரவேற்றது என்று நினைத்தால் தவறு. ஃப்ளோரிடாவில் மயாமிக்குப் பக்கத்தில் கோரல் கேபிள்ஸ் என்ற வசதியான ஊர். அங்கே குடியிருப்புப் பகுதிகளில் இரவில் பிக்கப்பை வெளியே நிறுத்தக்கூடாது என்று விதி இருந்தது. கராஜுக்குள் மறைத்து வைக்கலாம். கராஜ் இல்லாத வாடகை வீட்டில் இருந்த ஒருவர் 2003-ல் தன் எஃப்-150-ஐத் தெருவில் நிறுத்த, அபராதச் சீட்டு வந்தது. அவர் வழக்குப் போட்டார். 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று விதி செல்லாது என்றது. 2010-ல் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு செல்லும் என்றது. கடைசியில் 2012-ல் ஊர் மக்கள் வாக்களித்துத் தடையை வேண்டாம் என்றார்கள்.

எனக்கு இந்த வழக்கு முக்கியமாகப் படுகிறது. "உனக்கு பிக்கப் எதற்கு?" என்ற கேள்வி சில சமயம் "உன்னைப் போன்ற வேலைக்காரன் எங்கள் தெருவில் எதற்கு?" என்ற கேள்வியின் மறுவடிவம். பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் கூடப் புறநகர் வீட்டுக்காரர்கள்தான். அவர்களுக்கு அந்தத் தொட்டிதான் பட்டறை. படகோ குதிரை டிரெய்லரோ வாரா வாரம் இழுப்பவர், பனி தள்ளிச் சம்பாதிப்பவர், இவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவர்களிடம் தேவையா என்று கேட்பது 1925-ன் விவசாயியிடம் கேட்பது போலத்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மற்றவர்கள்? ஸ்ட்ராடஜிக் விஷன் என்ற ஆய்வு நிறுவனத்தின் 2019-ஆம் வருடத் தகவல்படி, பிக்கப் சொந்தக்காரர்களில் 75 சதவீதம் பேர் வருடத்துக்கு ஒரு முறை அல்லது அதற்கும் குறைவாகவே எதையாவது இழுக்கிறார்கள். 35 சதவீதம் பேர் தொட்டியில் சரக்கு போடுவதே வருடத்துக்கு ஒரு முறை அல்லது அதற்கும் குறைவு. மறுபக்கமாகப் பார்த்தால், மூன்றில் இரண்டு பேர் தொட்டியை ஓரளவாவது பயன்படுத்துகிறார்கள். ஆகவே "யாருக்குமே தேவையில்லை" என்பதும் பொய்.

ஒரு பேச்சுக்கு, ஒருவருக்கு வருடத்தில் பத்து நாள் சரக்கு ஏற்ற வேண்டும் என்று வைப்போம். வாடகை வண்டிக்குத் தடவைக்கு 50 டாலர் போட்டால் 500 டாலர். ஒரு நல்ல செடானுக்கும் பெரிய பிக்கப்புக்கும் விலை வித்தியாசம் 20,000 டாலர் என்று வைத்தால், அந்தப் பணத்தில் நாற்பது வருடம் வாடகை கொடுக்கலாம். பெட்ரோல் செலவை இன்னும் சேர்க்கவே இல்லை. 1979-ல் அட்லாண்டாவில் முதல் கடைகளைத் திறந்த ஹோம் டிப்போ போன்ற பெரிய கடைகளே பிக்கப்பை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகின்றன, வீட்டுக்கும் கொண்டுவந்து தருகின்றன. 1945-ன் டிரெய்லர் யோசனைதான், ஆள் மட்டும் வேறு.

வீட்டுக்காரர்களும் இந்தக் கணக்கு தெரியாதவர்கள் இல்லை. 2008-ல் பெட்ரோல் காலனுக்கு 4 டாலரை நெருங்கியபோது, அந்த மே மாதத்தில் ஹோண்டா சிவிக் எஃப் வரிசையை விற்பனையில் முந்தியது. வேலைக்கு வண்டி தேவைப்பட்டவர் விலை ஏறியதற்காக விட்டிருக்க முடியாது. விட முடிந்தவர்கள்தான் விட்டார்கள். 2021-ல் ஃபோர்டு மேவரிக் என்ற சிறிய ஹைபிரிட் பிக்கப்பை 19,995 டாலருக்கு அறிவித்தபோது, சில மாதத்திலேயே முதல் வருட மாடலுக்கான ஆர்டரை நிறுத்த வேண்டிய அளவுக்குக் கூட்டம். சின்னத் தொட்டி போதும் என்று சொல்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

"அவன் காசு, அவன் வண்டி" என்ற வாதம் எனக்குப் பாதி சம்மதம். ஆசைக்கு வாங்குவது குற்றமில்லை. ஆனால் செலவு முழுக்க அவன் பையிலிருந்து போவதில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் பாதசாரி மீது மோதினால், 30 அங்குலத்துக்குள் சரிவான முகம் கொண்ட வண்டிகளை விட மரணம் நேரும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று கண்டது. புறநகர்த் தெருவில் சைக்கிள் விடும் பிள்ளையின் உயரத்தை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை வண்டி வாங்கும்போது கையெழுத்துப் போடவில்லை.

முடிவாக

புறநகர் வீட்டுக்காரருக்கு பிக்கப் தேவையா? சிலருக்கு ஆம், பலருக்கு வருடத்தில் சில நாள் மட்டும் ஆம். அந்தச் சில நாளுக்கு அவர்களுடைய தாத்தாக்கள் வேறு வழி வைத்திருந்தார்கள், அது நன்றாகவே நடந்தது. 1925-ல் வண்டி விவசாயிக்குத் தேவைப்பட்டது. கோழி வரிக்கும் லாரி விலக்குகளுக்கும் பிறகு, அதைப் புறநகரில் விற்க வேண்டியது கம்பெனிக்குத் தேவைப்பட்டது. வீட்டுக்காரர் தன்னுடையது என்று நினைக்கும் தேவையில் ஒரு பெரிய பங்கு இந்த இரண்டாவது வகை.

எனவே வாங்குகிறவரைக் கேலி செய்வதில் எனக்கு ஆர்வம் இல்லை. விவசாயிக்காகத் தந்த சலுகை யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று சட்டம் செய்தவர்களைத்தான் கேட்க வேண்டும். அவர்களோ 2025 ஜூலையில் எரிபொருள் சிக்கன விதியை மீறும் கம்பெனிகளுக்கான அபராதத்தைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். கேள்விக்கு இன்னும் வேலை இருக்கிறது.